இடது குச்சி, இடது கால்

மார்ச் 3, திங்கள்

நடந்த தவறு இதுதான். என் மகள் பாப்பா கணுக்கால் உடைந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளுடைய ஸ்கேட்போர்டைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். செய்தது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

கேட்காமல் கொடுத்தது தவறு. கொடுத்தது தவறில்லை. இதைத்தான் வீட்டில் தினமும் சொல்கிறேன், கேட்க ஆளில்லை. முப்பத்தொரு வயதுப் பெண். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சக்கரம் வைத்த பலகையில் தெருச் சரிவில் இறங்கிக் காலை உடைத்துக்கொண்டு வந்தால் தகப்பன் என்ன செய்ய வேண்டும்? பலகையைத் துடைத்து அலமாரியில் வைக்க வேண்டுமா?

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதெல்லாம் "கொஞ்சம் தள்ளிக்கோங்க", "கதவைச் சாத்துங்க", அவ்வளவுதான்.

இன்று முதல் வேலைக்குப் போகிறாள். நின்று எக்ஸ்ரே எடுக்க முடியாது என்பதால் வரவேற்பு மேசையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். இதுவும் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

மாலை ஆனால் கூடத்து டிவியில் அந்த ஸ்கேட்போர்டு கேம். கட்டுப் போட்ட காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, திரைக்குள்ளே ஒருத்தியை அதே பலகையில் ஏற்றி விடுகிறாள். அவளும் படியில் தாவுகிறாள், கம்பிமேல் சறுக்குகிறாள், பொத்தென்று விழுகிறாள், எழுந்து நிற்கிறாள்.

"இவ்ளோ விழறதுக்கா காசு குடுத்து வாங்கினே?" என்றேன்.

பாப்பா திரும்பாமல் அடுத்த படிக்கு ஓட்டினாள். அம்மாக்காரி சமையலறையிலிருந்து, "பேச்சு வேணும்னா வேற மாதிரி ஆரம்பிக்கணும்" என்றாள். எந்த மாதிரி என்று சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

அவள் வேலைக்குப் போனதும் நானே போட்டுப் பார்த்தேன். காரணத்தை எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது. இந்த விளையாட்டில் மனிதன் விழுந்தே தீருவான் என்று நிரூபிப்பதற்காக. வேறொன்றும் இல்லை.

கேமை ஓட்டுகிற கைப்பிடியில் இரண்டு குச்சிகள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. சரக்குத் தளத்தில் என் வேலைக்காலம் முழுவதும் இரண்டு நெம்புகோல்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். இடது கை கிரேனைத் திருப்பும், வலது கை பாரத்தைத் தூக்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சங்கிலி மாட்டுகிற ஆளாகச் சேர்ந்து, மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது கூண்டுக்குள் ஏறி நானே பழகியது. சான்றிதழ் இல்லை என்பதற்காகக் கடைசி வரை 'உதவி கிரேன் இயக்குநர்' என்றே எழுதினார்கள். அந்த 'உதவி' இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. அதை விடு.

இரண்டு குச்சி எனக்கு ஒரு பொருட்டா என்று நினைத்தேன். பயிற்சிப் பாடம் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

இந்த கேமில் இடது குச்சி இடது கால், வலது குச்சி வலது கால். கையால் காலை ஓட்ட வேண்டும். திருப்புவதற்குக் குச்சி இல்லை, சுட்டுவிரலுக்கு அடியில் இருக்கிற பட்டன்கள். நான் பழக்கதோஷத்தில் இடது குச்சியை இழுத்துத் திருப்பப் போனேன். அந்தப் பெண் தன் இடது காலை மட்டும் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்று, அப்படியே குப்பைத்தொட்டிமேல் போய் மோதினாள். தாவ வேண்டுமானால் பின்காலின் குச்சியைக் கீழே இழுத்து, முன்காலின் குச்சியை மேலே தட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்பு. முந்தினாலும் விழுவாள், பிந்தினாலும் விழுவாள். நடுவில் பலகை திரும்பிவிட்டால் எது முன்கால் எது பின்கால் என்றே தெரிவதில்லை. முதல் கிரேனில் கூட இவ்வளவு அசடு வழியவில்லை.

அம்மாக்காரி துவைத்த துணியோடு வந்து நின்றாள்.

"பாப்பா சாமானைத் தொட்டு ஒரு தடவை பட்டது போதாதா?"

"தொடலை. சோதிக்கிறேன்."

"எதை?"

"ஆபத்தை."

"ஆபத்து சோபாவுல உக்காந்திருக்கு. காலை எடுங்க, துணி மடிக்கணும்."

மார்ச் 7, வெள்ளி

இன்றும் போட்டேன். பயிற்சிப் பாடத்தைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது.

உள்ளே இருக்கிற சங்கதிகளைப் பற்றி. கதை கிடையாது. எதிரி கிடையாது. ஜெயித்தாய் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய ஊர் ஒன்று இருக்கிறது, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, சிமெண்டு பெஞ்சு, வண்டி நிறுத்தும் சரிவு எல்லாம் அச்சு அசலாக. ஆனால் தெருவில் ஈ காக்கை இல்லை. நாய் இல்லை, குழி இல்லை, வீட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற கிழவர்கள் இல்லை. அப்படி ஒரு தெருவைக் கொடுத்தால் நானும் ஓட்டுவேன். உடை மாற்றலாம், சக்கரம் மாற்றலாம், தான் தாவியதைத் தானே படம் பிடித்துத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். செய்வதற்கென்று சில வேலைகள் சொல்கிறார்கள், அவையும் சீக்கிரம் தீர்ந்துவிடும் போல் இருக்கிறது. எழுத்து எறும்பு அளவு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கிரேனில் நெம்புகோலை விட்ட பிறகும் பாரம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைத் தெரிந்தவன்தான் ஓட்டுநர். இதிலும் அப்படித்தான். குச்சியை விட்ட பிறகும் உடம்பு போய்க்கொண்டே இருக்கிறது. இதைச் செய்தவன் விளையாட்டுக்குச் செய்யவில்லை. எடை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே ஒரு தடவை சரியாகத் தாவி நடைபாதைமேல் ஏறினேன். சக்கரம் நான்கும் ஒரே சத்தமாக இறங்கின. கூடத்தில் யாரும் இல்லை. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவளிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

அடுப்படியில் இரண்டு பேரும் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன்.

பழைய கிடங்கில் ஸ்கேட்டிங் கூடம் வைத்திருக்கிற அம்மாள், பாப்பாவைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருக்கிறாராம். கால் சரியாகும் வரை காத்திருக்கிறோம், வருவாயா மாட்டாயா என்று மட்டும் வரும் சனிக்கிழமைக்குள் சொல் என்று கேட்டிருக்கிறார்.

"மாட்டேன்னு சொல்லிடப் போறேம்மா."

"ஏண்டி? இத்தனை வருஷமா அதுக்குத்தானே ஆசைப்பட்டே."

"தினமும் இறங்கற சரிவு. அதுலயே விழுந்துட்டேன். ஏன் விழுந்தேன்னு இன்னி வரைக்கும் தெரியல. என் காலே எனக்குப் பிடிபடல. இதுல அடுத்தவங்க பிள்ளைய எப்படி ஏத்தி விடறது?"

நான் தண்ணீர்த் தம்ளரோடு வந்துவிட்டேன். இதைத்தானே நான் கேட்டேன்? இனிமேல் ஏற மாட்டாள். நான் நினைத்தது நடந்துவிட்டது. பிறகு ஏன் தம்ளரில் தண்ணீர் அப்படியே இருக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

இன்று கேமில் பலகையைப் பழுது பார்க்கிற பக்கத்தைத் திறந்தேன். சக்கரங்களைத் தாங்குகிற இரும்பு அச்சு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு போல்ட், ரப்பர், மேலே நட்டு. அந்த நட்டு எவ்வளவு இறுக்கம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பாப்பா இரண்டையுமே தளர்வாக வைத்திருந்தாள். பார்த்ததும் என் கை துறுதுறுத்தது. தளர்ந்த நட்டைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. சரக்குத் தளத்தில் தளர்ந்த நட்டு என்றால் கீழே நிற்கிறவன் உயிர்.

முன்பக்கத்தை முழுதாக இறுக்கினேன். பின்பக்கத்துக்குப் போவதற்குள் ஏதோ பட்டனை அழுத்திவிட்டேன், பக்கம் மூடிக்கொண்டது. சரி, பிறகு பார்ப்போம் என்று வண்டி நிறுத்தும் சரிவில் இறக்கினேன்.

சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் மொரடாகத் திரும்பியது, அவ்வளவுதான். சரிவில் வேகம் பிடித்ததும் முன்பக்கம் விறைத்துக்கொண்டு நேராகப் போகிறது, பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. இடம், வலம், இடம், வலம். பிறகு பின்பக்கம் அப்படியே வெட்டி இழுத்து அவளைத் தூக்கி எறிந்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி அதே. திருப்பிப் போட்டு மெதுவாகப் பார்த்தேன். பின்சக்கரம் போகிறது, பின்னால் இருக்கிற கால் போகிறது, பிறகு ஆள்.

அன்றைக்கு டாக்டர் எப்படி விழுந்தாய் என்று கேட்டபோது பாப்பா சொன்னாள், "யாரோ பின்னாலேருந்து காலை வாரி விட்ட மாதிரி இருந்துச்சு, டாக்டர்."

அவள் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் பலகை செருப்பு அலமாரி பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. முன் அச்சை ஆட்டிப் பார்த்தேன். லொடலொட. கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, ரப்பர் பிதுங்கும் வரை முன்பக்க நட்டை இறுக்கினேன். பின்பக்கத்துக்குத் திருப்பும்போது பார்சல் கொண்டுவருகிறவர் மணி அடித்தார். கையெழுத்துப் போட்டேன். பார்சலில் என்ன, யார் அனுப்பியது என்று பேசினேன். பின்பக்கத்தை அப்படியே மறந்துபோனேன்.

இத்தனை நாளும் இது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. நினைவில் இருந்தது. நல்ல வேளை முன்பக்கமாவது இறுக்கினேன், இல்லாவிட்டால் கழுத்தே போயிருக்கும் என்று உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. டாக்டர் முன்னாலேயே அவளைப் பார்த்து, "வண்டியை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவளுக்கு வண்டி எதுக்கு?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சங்கிலி மாட்டுகிற பையன்களிடம் நான் தொண்டை கிழியக் கத்திவந்த ஒரே பேச்சு: ஒரு பக்கம் மட்டும் இறுக்கிட்டுப் போகாதே. இறுக்கினா ரெண்டையும் இறுக்கு, இல்ல தொடாதே.

காலை வாரிவிட்டது நான்.

கேமில் நட்டைப் பழையபடி தளர்த்தி வைத்துவிட்டேன். கேமில் பழையபடி ஆக்க முடிகிறது.

மார்ச் 12, புதன்

சாப்பிடவில்லை. வாயு என்று சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

பழைய இரும்புக் கடைக்குப் போனேன். ஒருவேளை நான் நினைத்தது தப்பாக இருக்கலாம் அல்லவா? ஸ்பானரை ஒரு சுற்றுதான் திருப்பியிருக்கலாம். கிழவன் கை, என்ன பெரிய இறுக்கு இறுக்கியிருக்கும்? கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும்.

உடைந்திருக்கும், உருக்கப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் அதன்மேல் ஒரு பழைய வாஷிங் மெஷினை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயா குடுத்த வண்டிதான். தங்கமான வண்டி. நேராப் போகுது பாருங்க, திரும்பத்தான் மாட்டேங்குது."

"திரும்பலையா?"

"முன்னாடி யாரோ புண்ணியவான் நட்டை அப்படி முறுக்கி வெச்சிருக்கான். என்னாலயே கழட்ட முடியல. நானும் நேராத்தானே தள்றேன்னு விட்டுட்டேன்."

வாஷிங் மெஷினை இறக்கச் சொல்லி, குனிந்து பார்த்தேன். ரப்பர் பிதுங்கி ஓரத்தில் வெடித்திருந்தது. என் கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

திருப்பிக் கேட்டேன். "குடுத்ததைத் திருப்பிக் கேட்டா நான் எதுல தள்றது?" என்றார். நியாயம். வீட்டுக்கு வந்து, காஸ் சிலிண்டர் தள்ளுவதற்கு நான் வெல்டிங் வைத்துச் செய்த நாலு சக்கர வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் செய்தவற்றிலேயே அதுதான் உருப்படியானது. அவர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது திரும்புதுங்க" என்றார்.

பலகை இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நட்டைத் தொடவில்லை. தொட்டால் அழித்த மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 14, வெள்ளி

நாளை சனிக்கிழமை.

பேசாமல் இருந்தால் என்ன? பாப்பா அந்த அம்மாளிடம் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். ஏற மாட்டாள், விழ மாட்டாள். தகப்பனுக்கு வேறு என்ன வேண்டும்? யாருக்கும் தெரியாது. பார்சல்காரருக்குக் கூடத் தெரியாது. அவளும் கொஞ்ச நாளில் பேச ஆரம்பித்துவிடுவாள்.

ஆனால் தன் கால் தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே சாகிற வரைக்கும் நடப்பாள். மாடிப்படி இறங்கும்போதும் நினைப்பாள். அவள் கால்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றவாளி கட்டில்மேல் உட்கார்ந்து வாயு என்கிறான்.

என் வாழ்க்கையில் இதுவரை யாரிடமும் நான் செய்தது பிசகு என்று சொன்னதில்லை. பெரும்பாலும் பிசகு இல்லாததால்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாக்காரியிடம் முதலில் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்தாள்.

"அந்த ஸ்பானர் செருப்பு மேல கிடந்துச்சு. நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். இதுக்குன்னு தோணல எனக்கு."

"நாளைக்குச் சொல்லணும்."

"சொல்லுங்க. ஆனா வியாக்கியானம் வேணாம். 'நல்லதுக்குத்தான் செஞ்சேன்'னு ஒரு வார்த்தை வந்துச்சு, நானே உங்களோட பேச மாட்டேன்."

மார்ச் 15, சனி

காலையில் பாப்பா கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில். ராத்திரியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியம் எல்லாம் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. டிவியைப் போட்டேன். கேமைப் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இது ஓட்டத் தெரியுமா?"

"கொஞ்சம்."

பழுது பார்க்கிற பக்கத்துக்குப் போய் முன்பக்க நட்டை முழுதாக இறுக்கினேன். பின்பக்கத்தை அப்படியே விட்டேன். சரிவின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, கைப்பிடியை அவளிடம் நீட்டினேன்.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரு."

ஓட்டினாள். பாதிச் சரிவில் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. அவள் இரண்டு குச்சிகளையும் எப்படி எப்படியோ பிடித்துப் பார்த்தாள், நான் பிடித்ததைவிட எத்தனையோ நன்றாக. ஆனாலும் காலை வாரி எறிந்தது. திரைக்குள் இருந்தவள் எழுந்து நின்றாள். பாப்பா எழுந்திருக்கவில்லை. கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "முன்னாடி டைட்டா வெச்சு பின்னாடி லூசா யாராவது வைப்பாங்களா? யாரு இப்படி வெச்சது?"

"நான்."

"கேம்ல சரிப்பா..."

"கேம்ல மட்டும் இல்ல."

கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையைக் கொண்டுவந்து அவள் மடியில் கவிழ்த்து வைத்தேன். அவள் விரலால் அந்த ரப்பரைத் தடவிப் பார்த்தாள். நட்டைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, ஸ்பானர், மணி அடித்தது, டாக்டர் முன்னால் நான் பேசியது. வியாக்கியானம் சொல்லவில்லை.

"ஏறினப்பவே ஒரு மாதிரி மொரடா இருந்துச்சு" என்றாள். "தூக்கக் கலக்கம், என் காலுதான் சரியில்லன்னு நெனச்சேன். இறங்கிப் பாத்திருக்கணும்." பிறகு குரல் மாறியது. "ஏம்ப்பா, உங்க கை சும்மாவே இருக்காதா? கேட்டா வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"தப்பு என்னோடது."

"தெரியுதே. அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு கேம் வேண்டியிருக்கு."

போனையும் பலகையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஊன்றுகோலை மறந்துவிட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே யாரிடமோ பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. இன்றைக்குத் தண்ணீர் குடிக்கவும் போகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பாப்பாவிடமிருந்து "தள்ளிக்கோங்க" கூட இல்லை, சுற்றிக்கொண்டு போகிறாள்.

மார்ச் 19, புதன்

மதியம் கேமைத் திறந்தேன். அவள் எனக்கென்று தனியாக ஒரு ஆளை உருவாக்கி வைத்திருக்கிறாள். வழுக்கைத் தலை, முழங்கால் வரை கால்சட்டை. பலகையைப் பழுது பார்க்கிற பக்கத்தைத் தொட்டால் பூட்டியிருக்கிறது, எண் கேட்கிறது.

நன்றாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு

பாப்பா சொல்லச் சொல்ல எழுதியது. என் கருத்து எதையும் சேர்க்கவில்லை. ஒரு இடத்தில் சேர்க்கப் பார்த்தேன், "எழுதுங்க, பேசாதீங்க" என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு உடற்பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது: அம்மா. வழியில் அறிவுரை சொல்வேன் என்பதால் நான் வேண்டாம்.

வெடித்த ரப்பருக்குப் புதிது வாங்குவது: நான். ஸ்கேட்போர்டு கடைக்காரன் கொடுப்பதை வாங்க வேண்டும், இதைவிட நல்லது என்று நானாக எதையும் வாங்கக் கூடாது.

முறுக்கிய நட்டைக் கழற்றுவது: நான். என்னால்தான் முடியும். கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும்.

டாக்டரை அடுத்த முறை பார்க்கும்போது, வண்டியை ஒழுங்காக வைத்திருந்தது அவள், கெடுத்தது நான் என்று சொல்வது: நான். அவள் முன்னால்.

கருவிப் பெட்டியின் சாவி: அம்மா.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பது: பாப்பா.

பிள்ளைகளுடைய பலகைகளை ஸ்கேட்டிங் கூடம் வரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவது: நான். அதற்குப் புதிதாக ஒரு வண்டி செய்வதும் நானே. அது திரும்ப வேண்டும்.

வகுப்புக்கு முன் ஒவ்வொரு பலகையிலும் முன் நட்டு, பின் நட்டு இரண்டையும் பார்ப்பது: பாப்பா.

ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது: நான். கேட்டால் மட்டும்.